இருபத்து மூன்றாம் டோக்கனை ஏலம் விட்டவன்

பொறாமைப்படுவதற்குக்கூட ஒரு பொருத்தம் வேண்டும். ஒருவன் நம் தெருவில் இருக்க வேண்டும், நம்மோடு படித்திருக்க வேண்டும், முடிந்தால் நம்மைவிடக் குறைவாக மார்க் வாங்கியிருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவன் கப்பலே வாங்கினாலும் நமக்குச் சோறு இறங்கும். எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரு சட்டை சரியாகப் பொருந்திவிட்டால் போதும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் யாரோ அடுப்பு மூட்டியது போல இருக்கும்.

என் விஷயத்தில் அந்தச் சட்டை வான நீல நிறம். அதைப் போட்டிருந்தவன் ஜெயசீலன்.

காசிமேட்டில் ஒரே சந்தில் அவன் வீடும் என் வீடும் எதிரெதிர். பள்ளிக்கூடமும் ஒன்றுதான். நான் முதல் பெஞ்சு, அவன் கடைசி பெஞ்சு. எங்கள் வம்சத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் நான். அம்மா அதை லேமினேஷன் செய்து சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சேர்த்துக் குங்குமம் வைப்பாள். (இயற்பியல் மார்க் இருந்த இடம் குங்குமத்தில் மறைந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.)

டாக்டராவது என்று முடிவு செய்து நீட் எழுதினேன். நான் வாங்கிய மார்க்குக்கு டாக்டரின் காரைக்கூடத் துடைக்க விட மாட்டார்கள். சரி, அடுத்த வருடம் மறுபடி எழுதலாம் என்று தீர்மானித்தேன். நடுவில் இருந்த அந்த ஒரு வருடம்தான் வில்லங்கம். வசதியான வீடுகளில் அதற்கு ஏதோ மரியாதையான ஆங்கிலப் பெயர் இருக்கிறதாம். எங்கள் வீட்டில் அதன் பெயர், "சும்மா குந்திகினு கீறான்."

அப்பா எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் ஹாரன் அடித்த மாதிரி இருக்கும்.

"ஒரு வேலையத் தேடிக்க. இல்லாங்காட்டி வர்ற மாசம் என் வண்டியில கிளீனரா ஏறு. அவ்ளோதான்."

லாரியில் ஏறினால் புத்தகம் அதோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் சந்தில் 'ஒரு வருஷம் மட்டும்' என்று வண்டி ஏறிய அண்ணன்கள் எல்லாரும் இன்னும் வண்டியில்தான் இருக்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒரு வேலை வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன். சாயங்காலம் படிக்க நேரம் கிடைக்கும். டாக்டராகப் போகிறவன் முதலில் அந்த மருந்து வாசனைக்காவது பழகிக்கொள்ளலாம்.

ராயபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஓபி அட்டெண்டர் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சேதி கொண்டுவந்தது அம்மா. அவள் கூடையில் மீன் எடுத்துப்போய்த் தெருத் தெருவாக விற்பவள். அந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கு வாரம் ஒரு முறை மத்தி கொடுக்கும் பழக்கத்தில் சேதி கிடைத்தது. அவள் வீடு வந்து சேர்வதற்குள் மார்க்கெட் முழுக்க, "எம்புள்ள ஆஸ்பத்திரியில சேந்துட்டான்" என்று சொல்லியாகிவிட்டது. (எனக்கு என்ன வியாதி என்று விசாரிக்க இரண்டு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள்.)

இதில் நான் செய்த முதல் மடத்தனம், தனியாகப் போகப் பயந்துகொண்டு ஜெயசீலனைத் துணைக்குக் கூட்டிப்போனது. அவன் லுங்கியை மாற்றிப் பேன்ட் போட்டுக்கொண்டதே பெரிய உபகாரம் போல வந்தான். உள்ளே பெரிய சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் நிமிர்ந்து பார்த்தாலே ஓபி முழுக்கக் கால்மேல் கால் போட்டவர்கள் காலை இறக்கிவிடுவார்கள்.

"வணக்கம் அம்மையீர்" என்று நான் ஆரம்பித்தேன். இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று பழகியது.

பெரிய சிஸ்டர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். "ரெண்டு பேரும் வேலைக்கா வந்திய?"

"இல்ல சிஸ்டர், அவன் சும்மா..." என்று நான் சொல்வதற்குள் ஜெயசீலன் சிரித்தான்.

"இருந்தா குடுங்க சிஸ்டர். வேணாம்னா சொல்லப் போறேன்?"

பெரிய சிஸ்டரும் சிரித்துவிட்டார். எனக்குள் அந்த அடுப்பு அப்போதுதான் பற்றியது.

"வேலை ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. காலையில ஓபியில இவன் டோக்கன் கூப்பிடட்டும். பதினோரு மணிக்கு மேல நீ கூப்பிடு. ஒரு நம்பரை மூணு தடவ கூப்பிடணும். ஆள் வரலைன்னா அடுத்த நம்பர். யார் நிக்கும்போது கூட்டம் சத்தம் போடாம இருக்குதோ, அவனுக்கு வேலை."

நம்பர் காட்டுவதற்கு ஒரு மின்சாரப் பெட்டி சுவரில் இருக்கத்தான் செய்தது. அது எப்போதும் எண்பத்தெட்டு என்றே காட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்பத்தெட்டாம் ஆள் யாரோ, பாவம்.

மறுநாள் போனோம். சீருடைச் சட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதலில் ஜெயசீலன் போட்டான். அந்தச் சட்டையை அவனுக்கு அளவெடுத்துத் தைத்து, அவன் பிறக்கும் வரை காத்திருந்தது போல இருந்தது. கையை முழங்கைக்கு மேல் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டு வந்து நின்றான். நர்ஸ் அக்கா ஒருவர் அவனைக் காட்டி என்னிடமே, "டாக்டரோட தம்பியா?" என்று கேட்டார்.

அவன் டோக்கன் கூப்பிட்ட அழகைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். "பதினாலு! யார்ப்பா பதினாலு? தாத்தா, பேப்பர அப்புறமா படிச்சிக்கலாம், உள்ள டாக்டரு ஃப்ரீயா கீறாரு, போ." "பதினஞ்சி! அக்கா, கொழந்தைய என்கிட்ட குடுத்துட்டுப் போ. அழுதா நானும் சேந்து அழுவுறேன்." எல்லாரும் சிரித்தார்கள். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய், தன் பன்னில் பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்தார். பெரிய சிஸ்டர் அவனுக்குக் காப்பி அனுப்பினார். நான் தூணோரம் நின்று அவன் எங்கேயாவது ஒரு நம்பரைத் தவறவிடுவானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி, தவறவிடவே இல்லை. (கணக்குப் பரீட்சையில் இவன்தானே பதினேழுக்கு அப்புறம் பத்தொன்பது எழுதினான்?)

பதினோரு மணிக்குச் சட்டை என் கைக்கு வந்தது. அவன் வியர்வைச் சூட்டோடு. போட்டுக்கொண்டேன். தோள் என் முழங்கையில் இருந்தது. கட்சிக் கொடியைக் கம்பத்தில் ஏற்றிவிட்டுக் காற்றுக்குக் காத்திருப்பது போல நின்றேன்.

அந்த நேரத்துக்குத்தான் மார்க்கெட் முடிந்து மீன்காரப் பெண்கள் ஓபிக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் அம்மாவே அந்தக் கூட்டம்தானே. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, விற்று முடித்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க அப்படியே வந்துவிடுவார்கள். பெஞ்சு நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, ஹாலே மார்க்கெட்டின் கிளை அலுவலகம் மாதிரி ஆகிவிட்டது. அவர்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது பூங்காவனம் அக்கா. அம்மாவைப் போலவே கூடை மீன்காரர். ஏலத்தில் நல்ல மீன் கூறு எதுவானாலும் அம்மா கேட்பதற்கு மேல் கேட்டு எடுத்துக்கொண்டு போவது அவர் வழக்கம். அம்மா வீட்டில் வாணலியைக் கீழே போட்டாலும் அதற்குக் காரணம் பூங்காவனம் அக்காதான்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். படித்தவன் கூப்பிடுவதற்கும் மற்றவன் கூப்பிடுவதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?

"டோக்கன் எண் இருபத்து மூன்று. திருமதி லோகநாயகி அவர்கள் மருத்துவர் அறைக்கு வருமாறு அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்."

ஹால் அமைதியானது. சத்தம் போடாத கூட்டம். வேலை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

"இன்னாடி இது, ரயில் வருதா?" என்று ஒரு குரல் கேட்டது.

"கண்ணாலப் பத்திரிக படிக்கிறான்டி புள்ள" என்றது இன்னொன்று.

கூரை இடிந்த மாதிரி சிரிப்பு. லோகநாயகி வரவில்லை. (அவர் எதிரில் டீ குடிக்கப் போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.) தூணோரம் பார்த்தேன். ஜெயசீலன் மிச்சமிருந்த பன்னைத் தின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்ததில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று கழன்றது. உனக்கு மட்டும்தான் காசிமேட்டுத் தொண்டையா? சின்ன வயதில் அம்மாவின் கூடையைப் பிடித்துக்கொண்டு எத்தனை ஏலத்தில் நின்றிருக்கிறேன்! மூன்று தடவை கூப்பிட வேண்டும், அவ்வளவுதானே? நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றிலிருந்து கத்தினேன்.

"இருபத்திமூணு... ஒரு தரம்!"

அந்த ஹாலில் இருந்த அத்தனை மீன்காரப் பெண்களின் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள்கூட இடுப்பில் முந்தானையைச் செருகினார்கள்.

"இருபத்திமூணு... ரெண்டு தரம்!"

"இன்னா நைனா, ஏலமா?" பூங்காவனம் அக்கா எழுந்தே விட்டார். அவர் டோக்கன் முப்பத்தொன்பது. "அப்ப எனக்குக் குடு. எனக்குச் சக்கரை எறநூத்தி எம்பது."

அந்த இடத்தில் நான், 'இல்லை அக்கா, இது ஏலம் இல்லை, உட்காருங்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது ஜெயசீலனின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றிருந்தது. வாயில் பன்னோடு என்னை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஒரு பார்வைக்காக நான் என் எதிர்காலத்தைக் கொடுத்தேன்.

"எறநூத்தி எம்பது! மேல கேக்கிறவங்க கேக்கலாம்!"

"முந்நூத்தி இருவது!" பின்வரிசை.

"எனக்கு முந்நூறுதான், ஆனா பிரசரு நூத்தி எழுவது கீது. ரெண்டையும் கூட்டிக்க!"

"அதெல்லாம் கூட்டக் கூடாது, சக்கரை மட்டும்" என்று நான் கறாராகச் சொன்னேன். (ஏலத்துக்கென்று ஒரு நேர்மை இருக்கிறது.)

துணிக்கடை பாய் கையைத் தூக்கினார். "தம்பி, எனக்குச் சக்கர இல்ல. கிட்னில கல்லு கீது. அத்தக் கணக்குல எடுப்பியா?"

"கல்லு இதுல வராது பாய்."

"இது அநியாயம். கல்லுக்காரன் எங்க போவான்?"

"முந்நூத்தி அறுவது!" "முந்நூத்தி எம்பது!" என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பூங்காவனம் அக்கா இடுப்பில் கை வைத்து, "நானூத்தி பத்து! எவளாச்சும் கீறீங்களா?" என்றார். யாரும் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். இப்படி ஒரு கட்டுப்பாட்டோடு எந்த ஓபியும் இருந்திருக்காது.

"நானூத்தி பத்து ஒரு தரம்... நானூத்தி பத்து ரெண்டு தரம்..."

"ஐந்நூறு!"

"ஐந்நூறு... மூணு தரம்!" என்று கத்திவிட்டுத்தான் குரல் வந்த பக்கம் பார்த்தேன். கடைசித் தூணுக்குப் பின்னால் என் அம்மா நின்றுகொண்டிருந்தாள். மகன் வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று, மீன் கூடையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு ரகசியமாக வந்திருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரையும் கிடையாது, டோக்கனும் கிடையாது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய சிஸ்டர் வந்தார். "யாருக்கு ஐந்நூறு?"

ஹாலே சேர்ந்து அம்மாவைக் காட்டியது.

"ஏம்மா, ஐந்நூறு சுகரை வச்சிக்கிட்டு நின்னுட்டா இருக்க? மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? வண்டியக் கொண்டாங்கல!"

அப்போதாவது அம்மா, 'சும்மாச் சொன்னேன் சிஸ்டர்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காசிமேட்டில் கேட்டால் கேட்டதுதான். ஏலத்தில் சொன்னதை வாபஸ் வாங்கியவளை மறுநாள் ஏலக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அதுவும் பூங்காவனம் அக்கா எதிரில்.

"இன்னாக்கா, நெஜமாவே ஐந்நூறா?" என்று அவர் கண்ணைச் சுருக்கினார்.

"பின்ன? காலைல ஐந்நூத்தி பத்து இருந்துச்சி. இப்பதான் கொஞ்சம் எறங்கிக்கீது" என்றாள் அம்மா.

ஜெயசீலன் சக்கர நாற்காலியோடு வந்து நின்றான். அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தான். கால் வைக்கும் பலகையை இறக்கிவிட்டான். முந்தானை சக்கரத்தில் மாட்டாமல் மடியில் எடுத்துப் போட்டான். என் அம்மாவுக்கு நான் செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக அவன் செய்தான். நான் கொடிக்கம்பமாக நின்று பார்த்தேன். நடைபாதை முழுக்க, அம்மா இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே போனாள். எம்எல்ஏ ஊர்வலம் போல இருந்தது.

அவசரப் பிரிவில் விரலில் குத்திப் பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு. மறு கை விரலில் குத்தினார்கள். அதிலும் தொண்ணூற்றெட்டு.

"மிஷின்ல எதுனா கோளாறா இருக்கும் டாக்டரு" என்றாள் அம்மா.

"ஐந்நூறுன்னு யாரும்மா சொன்னது?"

"நான்தான் கேட்டேன். ஏலத்துல."

"எந்த ஏலத்துல?"

டாக்டர், நர்ஸ், பெரிய சிஸ்டர் மூவரும் திரும்பி, கதவோரம் முழங்கை வரை தோள் தொங்க நின்றிருந்த என்னைப் பார்த்தார்கள். சரியாக அப்போது ஹாலில், டீ குடித்துவிட்டு வந்த லோகநாயகி அம்மாவின் குரல் கேட்டது. "என் டோக்கன எவன்டா வித்தது? கஸ்மாலம், எங்கடா அவன்?" அதற்குப் பிறகு ஹால் எழுப்பிய சத்தத்தில் மாடியில் பிரசவ வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

பெரிய சிஸ்டர் திட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீ நல்லாப் படி" என்றார். இதைவிட மரியாதையாக யாரையும் வெளியே அனுப்ப முடியாது. சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். ஜெயசீலன் என் எதிரிலேயே போட்டுக்கொண்டான். அப்போதும் கச்சிதமாகவே இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா வெறும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"ஏம்மா, உன்ன யாரு கேக்கச் சொன்னது? என் வேலையே போச்சி" என்றேன்.

"நீ ஷோக்கா ஏலம் வுட்டுகினு இருந்தடா. நான் பேசாமதான் பாத்துகினு இருந்தேன்."

"அப்புறம்?"

"அவ நானூத்தி பத்துன்னு சொல்லிட்டு என் பக்கம் திரும்பிச் சிரிச்சாடா." அம்மா நின்று என்னைப் பார்த்தாள். "அந்தச் சிரிப்ப உன்னால தாங்கிக்க முடியுமா, சொல்லு?"

எனக்கு இந்த வியாதி எந்த வழியில் வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்து முனைக்கு வந்ததும் அம்மா தானாகவே சொன்னாள்.

"ஆனா ஜெயசீலன் இன்னா பதமா தள்ளினான் தெரியுமா? வயித்துத் தண்ணி அலுங்கல."

அடுத்த மாதம் அப்பாவின் லாரியில் ஏறினேன். எர்ணாவூர் யார்டில் டயர் தட்டிப் பார்த்துக்கொண்டே உயிரியல் படித்தால் இரண்டுமே மண்டையில் ஏறாது என்பதைக் கண்டுபிடித்தேன். இரண்டாவது நீட்டும் போனது. அப்பாவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒருநாள் வண்டியை ஓரம் கட்டி, "எறங்கு. போய் எதுனா படி" என்றார். லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்தேன். இன்றைக்குத் திருவொற்றியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். எனக்கு அளவான வெள்ளைக் கோட்டு இருக்கிறது. ஜெயசீலன் அதே ஆஸ்பத்திரியில் ஓபிக்கே இன்சார்ஜ். அவன் கோட்டுப் போடுவதில்லை. போட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் அவனிடம் சொல்லவில்லை.

காசிமேட்டிலிருந்து ரத்தம் சோதிக்க வருகிறவர்கள் யாரும் என்னிடம், "சக்கரை எவ்வளவு?" என்று கேட்பதில்லை. "இன்னிக்கு எவ்ளோக்குப் போச்சி நைனா?" என்றுதான் கேட்கிறார்கள். பூங்காவனம் அக்காவுக்குப் போன முறை நூற்று நாற்பது வந்தது. நல்ல கட்டுப்பாடு என்று பாராட்டினேன். அவர் முகம் வாடிப்போனது. "உங்கம்மா ஐந்நூற எவளாலயும் தாண்ட முடியல, இல்ல?" என்றார்.

வீட்டில் குழம்புச் சட்டியில் கடைசித் துண்டு மீன் மிச்சமிருந்தால் அப்பா என்னைப் பார்க்காமலே, "ஒரு தரம்" என்பார். லாரி ஓட்டுகிற அந்த மனிதர் வாழ்க்கையில் அடிக்கும் ஒரே ஜோக் அதுதான். தினமும் அடிக்கிறார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து எந்தப் பரிசோதனை என்றாலும், நான் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு ராயபுரத்துக்கே போய்க்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "அங்க வண்டி கீதுடா" என்பாள். எங்கள் முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு சக்கர நாற்காலி வாங்கவைத்தேன். போன வாரம் அம்மாவை ஆட்டோவில் வரவழைத்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பலகையை இறக்கினேன். முந்தானையை மடியில் எடுத்துப் போட்டேன். வாசலிலிருந்து உள் அறை வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூ மாதிரி தள்ளினேன்.

அம்மா திரும்பிப் பார்த்து என் கன்னத்தைத் தட்டினாள்.

"பரவால்லடா" என்றாள். "நீயும் போகப் போகக் கத்துக்குவ."